திரும்பிப் பார்க்காத தபால்காரர்

முந்திரிக்காட்டு ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் அடைக்கலம் செருப்பைக் கழற்றித் தபால் பைக்குள் போட்டுக்கொள்கிறார். மணல் சுடுகிறது. இருந்தாலும் வெறுங்காலில், பூனை மாதிரி அடியெடுத்து வைக்கிறார். தன் நடையில் சத்தம் இருக்கக்கூடாது. அப்போதுதான், இடது பக்கம் நாலடி பின்னால் சருகு நொறுங்குவது தன் காலால் அல்ல என்று நிச்சயமாகும்.

நிச்சயமானதும் பயம் பிடித்துக்கொள்ளும். நடையை மட்டும் நிறுத்தமாட்டார்.

ஆலங்குடியில் பதினாறு வருஷமாகத் தபால்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆவணியில், ஒரு தென்னந்தோப்பில் கடிதம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மட்டை ஒன்று முறிந்து பின்மண்டையில் விழுந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்தார், அவ்வளவுதான். எழுந்தபோது கூடவே ஒரு நடையும் எழுந்துவிட்டது.

புதுக்கோட்டை டாக்டர் பொறுமையாகக் கேட்டார். "மூளை லேசா அதிர்ந்திருக்கு. ஆறிரும், மாசக்கணக்காகும். அந்தச் சத்தம் ஒங்க தலைக்குள்ளதான் கேக்குது. திரும்பிப் பாக்காதீங்க. பாக்கப் பாக்கப் பயம் கூடும்" என்றார். மனைவி அழகி கோயிலில் மந்திரித்த கயிற்றை மணிக்கட்டில் கட்டினாள். அடைக்கலம் மாத்திரையையும் விழுங்கினார், கயிற்றையும் அவிழ்க்கவில்லை. "எதுக்குக் கட்டுப்படுதோ படட்டும்" என்பார்.

போஸ்ட்மாஸ்டர் இரக்கப்பட்டு ஆபீசிலேயே உட்கார்ந்து முத்திரை குத்தச் சொன்னார். ஒவ்வொரு குத்தும் மண்டைக்குள் இறங்கியது. மூன்றாம் நாளே பையை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

வெயிலில் கண் கூசுகிறது. எழுத்து எறும்பாக ஊர்கிறது. முன்பெல்லாம் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் நகர்வார். இப்போது கொடுத்துவிட்டு நடையைக் கட்டுகிறார். பத்தடி போனதும் திரும்பி வந்து, "சோலையப்பன், ஒங்க கடுதாசியக் குடுத்துட்டனா?" என்று கேட்பார். "குடுத்துட்டீங்கண்ணே, இந்தா கையில இருக்கு" என்று அவர் தூக்கிக் காட்டுவார். மூன்றாவது தடவை கேட்டாலும் அதே பதில்தான்.

போன மாசி மாதம் ஒரு நாள், கடைசிக் குடிசையில் செவந்திக்குக் கடிதம் கொடுத்துவிட்டுக் கிழக்கே திரும்பி நடந்துகொண்டிருந்தார். அவள் புருஷன் நாகராசு கண்டிப் பக்கம் தோட்ட வேலையில் இருக்கிறான். அதற்கு முன் நாலு மாதமாக அவனிடமிருந்து ஒரு வரி இல்லை.

சருகு நொறுங்கியது. வழக்கமான சத்தம்தான். ஆனால் அன்று வேகமாக வந்தது.

"அண்ணே!"

இத்தனை நாள் பின்னால் நடக்க மட்டும் செய்தது, இப்போது பேசவும் ஆரம்பித்துவிட்டது. டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டார். அந்தக் குரல் கேட்காதிருக்க, ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லியபடி நடந்தார். குரல் விடவில்லை. அழுகையும் மூச்சிரைப்புமாக நெருங்கியது.

சாயங்கால வெயில் முதுகில் அடித்தது. முன்னால் மணலில் அவர் நிழல் நீண்டு கிடந்தது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அதன் இடது பக்கத்தில் இன்னொரு தலை முளைத்தது. தோள் வந்தது. தூக்கிய கை வந்தது.

அவருக்குக் கேட்கும் நடைக்கு நிழல் கிடையாது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்.

செவந்தி நின்றாள், கையில் உடைக்காத கடிதத்தோடு. "எம்புட்டுத் தூரம் ஓடியாறேன்! கூப்புட்டது காதுல விழுகலையாண்ணே?"

"விழுந்துச்சு தாயி. நீயின்னு நெனைக்கல."

"எல்லாரும் கடலைக்காட்டுக்குப் போயிட்டாங்க. படிக்க ஆளில்ல. உசுரோட இருக்காரான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

மணலிலேயே உட்கார்ந்தார். விரலை வரிக்கு அடியில் வைத்து, ஓர் எழுத்து ஊர்ந்து ஓடினால் அது திரும்பி வரும்வரை காத்திருந்து, கூட்டிக் கூட்டிப் படித்தார். "காய்ச்சலில்... கிடந்தேன். இப்போது... எழுந்து... நடமாடுகிறேன். பயப்பட வேண்டாம்."

"கடசியச் சொல்லுங்க, இன்னொருக்கா."

"பயப்பட வேண்டாம்" என்று மறுபடி படித்தார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவேயில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் அவரை முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவதில்லை. சுற்றிக்கொண்டு எதிரே வந்து, பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறார்கள். அவரும் இப்போது தினம் ஒரு கடிதமாவது படித்துக் காட்டுகிறார். காலடி நின்றுவிடவில்லை. "வரட்டும். அதும் எம்புட்டுத்தான் நடக்கும்" என்கிறார்.

காடு முடிகிற இடத்தில் ஒரு வாய்க்கால். குறுக்கே ஒற்றைப் பனைமரம் போட்டிருக்கிறது. ஒரு சமயத்தில் ஓர் ஆள்தான் போகலாம். அடைக்கலம் அங்கே வந்ததும் ஓரமாக ஒதுங்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வரும் காலடிக்கு வழிவிட்டு நிற்கிறார். ஓர் ஆள் அக்கரை சேரும் நேரம் கழித்து, மரத்தில் கால் வைக்கிறார்.