சாலமோனைக் கொண்டு வாரும்

மார்த்தாள் அக்காவின் சாவுச் செய்தியை எனக்குச் சொன்னவள் என் நாத்தனார் அஞ்சலை. நான் பள்ளிச் சீருடை ஒன்றுக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க வந்து நின்றவள், "அண்ணி, அக்கா ஜெபம் பண்றாங்கனு நெனச்சிக்கினு வுட்டுட்டோம் அண்ணி" என்றாள்.

அன்று காலை அக்கா வழக்கம்போல லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் பழைய வலையை விரித்து நெத்திலி காயப்போட்டிருக்கிறார். பிறகு கரையில் ஏற்றி வைத்திருந்த ஃபைபர் படகின் நிழலில் சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். பார்த்தவர்கள் எல்லாம் ஜெபம் என்று நினைத்து, பேச்சைத் தணித்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறார்கள். அக்காவின் ஜெபத்தை யாரும் கலைப்பதில்லை, உங்களுக்கே தெரியும். கடைசியில் காட்டிக்கொடுத்தவை காக்கைகள். ஜெபத்தின் நடுவிலும் கண்ணைத் திறக்காமலே காக்கை மேல் கல்லெறிகிறவர் அவர். அன்றைக்குக் காக்கைகள் மீனுக்கு நடுவே சாவகாசமாக நடந்து தின்ன, அக்கா சும்மா இருந்தார். அதைப் பார்த்துத்தான் அஞ்சலை ஓடிப்போய் அக்காவின் தோளைத் தொட்டிருக்கிறாள்.

அந்தக் காட்சி என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எந்த நேரத்தில் ஜெபம் முடிந்து மற்றது தொடங்கியது? யாருக்கும் தெரியாது.

சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்காகப் பழையதைச் சொல்கிறேன். அக்காவின் ஒரே மகன் சாலமோனும் என் வீட்டுக்காரர் ஏழுமலையும் ஒரே படகில் தொழிலுக்குப் போனவர்கள். ஒருநாள் விடிகாலையில், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்து அலையில் படகு கவிழ்ந்தது. அக்காவும் நானும் ஒரே மணலில் முழங்கால் போட்டு, ஒரே ஆண்டவரைத்தான் கூப்பிட்டோம். டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கரை வந்து சேர்ந்தார். சாலமோன் வரவில்லை. அவன் உடம்பும் வரவில்லை.

சொந்தக்காரர்கள் காரியம் செய்யச் சொன்னார்கள். பாஸ்டர் நினைவு ஆராதனை வைக்கலாம் என்றார். அக்கா இரண்டு தரப்பையும் வாசலோடு அனுப்பிவிட்டார். "அடக்கம் பண்றதுக்கு இன்னா இருக்குது பாஸ்டர், என் கையில?" என்று கேட்டார். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

அதிலிருந்துதான் அக்கா வீட்டு வாசலில் அந்த வெள்ளிக்கிழமை ஜெபம். கடலுக்குப் போன படகுகள், ஏரியில் இறால் பிடிக்கும் பெண்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், பாதி வழியில் நின்றுபோகும் பாஸ்டரின் ஸ்கூட்டர் என்று ஒன்றையும் விடமாட்டார். எல்லாம் முடிந்தபின் குரலைத் தாழ்த்தி, "சாலமோனைக் கொண்டு வாரும்" என்பார். அவ்வளவுதான். அதன்பின் மௌனம். அவர் ஆமென் சொன்னால்தான் எங்களுக்கு விடுதலை. பிள்ளைகள் தூங்கி விழும், சுண்டல் ஆறிப்போகும், பாஸ்டரே ஒரு கண்ணை லேசாகத் திறந்து பார்ப்பார். அக்கா அசைய மாட்டார். அந்த நேரத்தில் கடல் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது போல இருக்கும். யாரோ வரப்போகிறார்கள் என்று ஒவ்வொரு வாரமும் பயந்திருக்கிறேன்.

செத்தவர்களுக்காக ஜெபிப்பது வேதத்துக்கு ஒவ்வாது என்று சபையில் முணுமுணுப்பு எழுந்தது. பாஸ்டர் அதைப் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னார். அக்கா கருவாட்டைத் திருப்பிப் போட்டபடியே பேசினார்: "செத்தான்னு நீங்க பாத்தீங்களா? நானும் பாக்கல. உசுரோட குடுனு இப்பல்லாம் நான் கேக்கறதில்ல பாஸ்டர். கொண்டு வானு மட்டும்தான் கேக்கறேன். எப்டிக் கொண்டாரணும்னு அவருக்குத் தெரியாதா?" அதற்குப் பிறகு பாஸ்டர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நல்ல மனிதர்.

ஒருமுறை நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "அக்கா, அவ்ளோ நேரம் கண்ண மூடிக்கினு இருக்கியே, உனக்கு ஏதாவது கேக்குதா?"

"ஒரு மண்ணும் கேக்கல" என்றார். நான் திகைத்துப்போனேன். அவர் சிரித்துவிட்டார். "சண்ட போட்ட புருசன் பொண்டாட்டி ஒரே வூட்ல இருக்கறதில்லியா? அவனும் பேசமாட்டான், அவளும் பேசமாட்டா. ஆனா சோறு பொங்கும், வெளக்கு எரியும். அப்டித்தான்மே நானும் அவரும். பேச்சுதான் இல்ல. பக்கத்துல தான் உக்காந்திருக்காரு, நல்லாவே தெரியுது. எழுந்து போனா நான் வுட்ருவனா?"

தேவனோடு நெருங்கியிருப்பது பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். நெஞ்சில் ஒட்டியது இது ஒன்றுதான்.

என் சங்கடம் வேறு. ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என் புருஷனை ஆண்டவர் அலையிலிருந்து தூக்கிக் கொடுத்தார் என்று எழுந்து சொல்ல வேண்டும். முன்வரிசையில் அக்காவின் முதுகு. என் ஜெபத்தைக் கேட்டவர் அக்காவுடையதை ஏன் கேட்கவில்லை? அந்தக் கேள்வி குறுக்கே நின்றதில், வீட்டில் தனியாக இருக்கும்போதும் எனக்கு நன்றி சொல்ல வராமல் போயிற்று. மெல்ல மெல்ல ஜெபமே வராமல் போயிற்று. பாட்டு மட்டும் பாடிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. "எனக்கோசரம் வாயக் கட்டிக்கினு கெடக்காத" என்று அதட்டினார். "அவரு குடுத்தத குடுத்தாருனு சொல்லு. எனக்குக் குடுக்காதத நான் கேட்டுக்கறேன். ரெண்டு பேரும் ஊமையானா அவரு இன்னா செய்வாரு?" அவர் இருந்தவரை என்னால் சொல்ல முடியவில்லை.

என் வீட்டுக்காரர் கதையும் அதுதான். படகு கவிழ்ந்த பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை, ஏரியோடு சரி. வெள்ளிக்கிழமைகளில் என்னை அழைத்துப்போக வருவார். வேலிக்கு வெளியே வண்டியோடு நிற்பார், உள்ளே கால் வைத்ததில்லை. "ஏழுமல, உள்ள வாடா" என்று அக்கா ஒவ்வொரு வாரமும் கூப்பிடுவார். "பரவால்லக்கா" என்று தலையைக் குனிந்துகொள்வார். சுண்டல் மட்டும் வேலிக்கு மேலாகப் போகும்.

அக்காவைப் புதைத்த வாரத்து வெள்ளிக்கிழமை, அதே வாசலில் கூடினோம். பாஸ்டர் ஜெபித்தார். படகுகள், ஏரி, ஆஸ்பத்திரி, பிள்ளைகள். ஸ்கூட்டரையும் விடாமல் சொன்னபோது குரல் உடைந்தது. பிறகு அந்த இடம் வந்தது. நிறுத்திவிட்டார். அக்காவின் பாய் விரித்தபடி காலியாகக் கிடந்தது. கடல் சத்தம் வேலிக்குள் வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா எங்களுக்குள்தான் எங்கோ உட்கார்ந்து, யார் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்தார்.

நான் சொன்னேன். முதலில் வந்தது நன்றிதான். "என் வீட்டுக்காரர எனக்குத் திருப்பிக் குடுத்தீரே, ஸ்தோத்திரம்." இத்தனை வருஷம் அடைத்துக்கிடந்தது அழுகையோடு கொட்டியது. அது முடிந்து மூச்சு நிதானமானபின், "சாலமோனைக் கொண்டு வாரும்" என்றேன்.

மௌனம். ஆமென் சொல்ல ஆளில்லை. அக்கா இல்லையே.

சொன்னவர் என் வீட்டுக்காரர். குரல் வேலிக்கு வெளியிலிருந்து வரவில்லை, என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

அக்கா, உன் ஜெபத்தை நான் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைதோறும் நன்றி சொல்லிவிட்டு உன் மகனைக் கேட்கிறேன். பிறகு கண்ணை மூடிச் சும்மா இருக்கிறேன். எனக்கும் ஒரு மண்ணும் கேட்பதில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தெரிகிறது.