அம்மை போட்ட உடம்பு

திருச்செங்கோட்டிலிருந்து நாமக்கல்லைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. வலது விலாவில் நெருப்பு வைத்தது போல எரிச்சல். ஒரு மைல் வந்த பிறகும் கல்லூரி விடுதிச் சமையலறையின் தாளித்த வாசம் சட்டையை விட்டுப் போகவில்லை. நான்கு மாதம் அங்கே அடுப்படி வேலை. அன்று காலை சட்டை விலகி, விலாவில் வரிசையாகக் கிளம்பியிருந்த கொப்புளங்களைச் சமையல் கான்ட்ராக்டர் பார்த்துவிட்டார். "அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. பசங்க பாத்தா மெஸ்ஸையே மூடிருவாங்க. ஆறட்டும், கூப்படறேன்" என்றார். பேச்சோடு பேச்சாக ஸ்டோர் ரூம் சாவியையும் வாங்கிக்கொண்டார்.

வழியில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் நுழைந்தேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால்.

"அக்கிங்க ஐயா. முன்ன அம்மை போட்டிருக்குதுங்களா?"

"ரெண்டு தடவைங்க."

"ரெண்டா?" என்று பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

அந்த இரண்டாவது தடவையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியில் ஹெல்பர். படிப்பு எட்டாவதோடு நின்றது. ராடு மாட்டிக் கழற்ற அது போதும். மேச்சேரிப் பக்கம் ஒரு கடலைக்காட்டில் வண்டி நின்றபோது டிரில்லர் செல்வராசுக்கு அம்மை போட்டது. மற்றவர்களுக்குப் பயம், பயத்தைவிடக் கோபம். அம்மை போட்ட இடத்தில் தாளிக்கக் கூடாது, கறி ஆகாது. நாள் முழுக்கக் கல்தூசி தின்கிற பத்துப் பேரும் வெறும் பருப்பும் மோருமாகக் கிடந்தோம். "டேய் செல்வராசு, ஆத்தா உன்றகிட்ட வந்தா எங்க கோழிக் கொழம்பு ஏண்டா போவோணும்?" என்று டிரைவர் தினமும் மோட்டார் ரூம் வாசலில் கட்டிய வேப்பிலைக்கு அப்பால் நின்று கத்துவார். "அவகிட்டயே கேளுங்ண்ணா" என்பான் உள்ளேயிருந்து.

மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்தார். "ஏற்கனவே அம்மை போட்டவன் எவன்றா? அவனே கூட இருந்து பாக்கட்டும்." நான் கையைத் தூக்கினேன். மூன்று வயதில் எனக்கு அம்மை போட்டதாக எங்கம்மா நூறு முறை சொல்லியிருக்கிறாள். ஆத்தா ஒருமுறை வந்து போன உடம்புக்கு மறுபடி வரமாட்டாள் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அடுத்த மாதம் வண்டி வடக்கே போக இருந்தது. செல்வராசைத் தேற்றிவிட்டால் எனக்கும் டிரில்லர் வேலை தருவதாக மேனேஜர் சொன்னார். உண்மையில் கை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது அதற்குத்தான்.

காட்டுக்காரரின் மோட்டார் ரூமில் பதினோரு நாள் அவனோடு இருந்தேன். இளநீர் கொடுத்தேன், அரித்த இடத்தை வேப்பங்கொழுந்தால் தடவிவிட்டேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று எல்லோருக்கும் கோழி. நானும் எலும்பு கடித்துத் தின்றேன். நான்கு நாள் கழித்து என் கழுத்தில் முதல் கொப்புளம்.

"பொய் சொல்லி வேலை புடிக்கப் பாத்தியாடா? ஒருக்கா வந்தா மறுக்கா வருமாடா?" என்று மேனேஜர் குதித்தார். அம்மா செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சாட்சிக்கு வேறு ஆள் இல்லை. செல்வராசு மட்டும், "நான் கூட இருக்கறனுங்க" என்றான். இருந்த ஒரே டிரில்லரை விட்டுவிட்டு எந்த வண்டி போகும்? மூன்றாம் நாள் கிளம்பிவிட்டார்கள். "இங்கயே இரு, அடுத்த நடைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று ஜன்னலில் நின்று சொன்னான். காய்ச்சலில் நான் தலையாட்டினேனா என்பது நினைவில்லை.

டாக்டரம்மா முழுவதும் கேட்டார். "மொதல்ல வந்தது தட்டம்மையா இருக்கும்ங்க. அடுத்தது சின்னம்மை. ரெண்டும் வேற வேற கிருமி. எதோட சண்ட போட்டுச்சோ அதோட மொகத்தத்தான் உடம்பு ஞாபகம் வெச்சிருக்கும். அடுத்ததோட மொகம் அதுக்கு எப்படித் தெரியும்?" சின்னம்மைக் கிருமி ஆறிய பிறகும் நரம்புக்குள் ஒளிந்திருக்குமாம். உடம்பின் ஞாபகம்தான் இத்தனை வருடம் அதை அடக்கி வைத்திருந்ததாம். வயதானதில் காவல் தளர்ந்து, அக்கியாக வெளியே வந்துவிட்டது. துணியால் மூடி வையுங்கள், கைக்குழந்தை, கர்ப்பிணிகள் பக்கம் போகாதீர்கள் என்று மாத்திரை கொடுத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் விலா எரிச்சல் தெரியவில்லை. இரண்டு நிமிடப் பேச்சு. அன்று அந்த மோட்டார் ரூம் வாசலில் இதைச் சொல்ல ஓர் ஆள் இல்லை.

செல்வராசு வந்தானோ என்னவோ, நான் காத்திருக்கவில்லை. ஆறியதும் மேட்டூரில் மீன் பெட்டி தூக்கப் போய்விட்டேன். பல வருடம் கழித்து ரிக் ஆபீஸைத் தேடிப் போனால், அங்கே செல்போன் கடை. முதலாளி வண்டிகளை விற்றுவிட்டாராம். செல்வராசு என்ற பெயரே அந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஒரு கோழிப்பண்ணையில் நின்றேன். தடுப்பு மருந்து போடும் கூட்டத்தில் கோழி பிடிக்க ஓர் ஆள் குறைந்தது. "விலாவுல அக்கி இருக்குதுங்க" என்று நானே முந்திக்கொண்டேன்.

"கோழிக்கு ஒட்டாதில்ல?" என்றார் பண்ணை சூப்பர்வைசர்.

"ஒட்டாதுங்க."

"அப்பறமென்ன, வாசல்ல இருக்கற மருந்துத் தண்ணில கால நனைச்சுட்டு உள்ள வாங்க."

கொட்டகை வாசலில் ஓர் அட்டை தொங்கியது. எந்த நோய்க்கு, எந்த வாரம், எத்தனையாவது தடவை என்று ஒவ்வொன்றும் எழுதியிருந்தது. நின்று கடைசி வரி வரைக்கும் படித்தேன். பிறகு முதல் கூண்டுக்குள் கையை விட்டேன்.