கையில் ஒரு விக்கெட் கீப்பர் அதிகம்

நாளிதழ் ஸ்கோரை வைத்து நாம் ஆடும் காகிதக் கிரிக்கெட்டில், அடுத்த ஆண்டுக்கு ஓர் அணி ஒரே ஒரு விக்கெட் கீப்பரைத்தான் வைத்துக்கொள்ளலாம். என்னிடம் இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒருவரை வேறோர் அணியோடு மாற்றிக்கொள்ளாவிட்டால், மற்ற அணிகள் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் சும்மா விட்டுவிட வேண்டும்.

இன்று காலை அவிநாசி பஸ்ஸில் செல்வராஜ் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் அணியில் கீப்பரே இல்லை.

"ஏனுங்க மொதலாளி, ரெண்டு கீப்பரை வெச்சு என்னங்க பண்ணப்போறீங்க?" என்றான் கிண்டலாக.

"ஒருத்தரைத் தாரேன். உன்ற வேகப்பந்துக்காரனைக் குடு."

"நான் எதுக்குக் குடுக்கோணும்? ஞாயித்துக்கெழமை நீயே விட்டுப்போடுவே. சும்மா எடுத்துக்குவேன்."

"விட்டா, புள்ளிப் பட்டியல்ல கடைசி எடத்துல இருக்கறவன்தானே மொதல்ல எடுப்பான்? அது பீட்டரு. அவன்கிட்டயும் கீப்பர் இல்லை."

செல்வராஜ் சன்னலுக்கு வெளியே பார்த்தான். நான் அவசரப்படவில்லை. பஸ்ஸும் அவசரப்படவில்லை.

கருமத்தம்பட்டியில் இறங்கும்போது சொன்னான்: "வேகப்பந்துக்காரனை எடுத்துக்கடா, நல்லாயிரு."

பீட்டர், இதைப் படித்துவிட்டு நீ என்னைத் திட்டுவாய். திட்டு. ஆனால் இரண்டு தொடக்க ஆட்டக்காரர்களுக்கே இடமிருக்க, நீ மூன்று பேரை வைத்திருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கும்தான் வருகிறது.