படையல் இலையில் என்ன வைப்பது

ஈப்போவில் நான் வாடகைக்கு இருந்த பின்னறை ஓர் ஓய்வுபெற்ற ராணுவக்காரரின் வீட்டைச் சேர்ந்தது. படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன் நான். ஆயர் தாவாரில் செம்பனைக் குலை வெட்டி, தாப்பாவில் காய்கறி ஏற்றி, எங்கும் ஒரு வருடம் தங்காதவன். அந்தப் பின்னறையில் மட்டும் மூன்று வருடம் இருந்தேன்.

அவர் பிறந்தது ரப்பர் தோட்டத்தில். இடது காலைச் சற்றுத் தாங்கி நடப்பார். பட்டாளத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். கடைசியாகத்தான் சாப்பிட உட்காருவார். ஐந்தே நிமிடம்; தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது.

அவர் இறந்த பதினாறாம் நாள், படையலுக்கு அவருக்குப் பிடித்ததைச் சமைக்க வேண்டும். அவர் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுதார்.

"நாப்பது வருசம் ஆக்கிப் போட்டேன் தம்பி. இது நல்லாருக்குன்னு ஒரு நாள் சொன்னதில்ல. எதப் போய் வைப்பேன்?"

"ஒரு பீர் போத்தல் வைங்க அக்கா. எந்த சோல்ஜர் வேணாம்பான்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அவரு தொட்டதே இல்லலா. நீங்க வேணா குடிங்க."

அந்த நேரத்தில் தெலுக் இந்தானிலிருந்து ஒரு மலாய்க்காரர் ஊன்றுகோலோடு வந்தார். இறந்தவரோடு பட்டாளத்தில் இருந்தவர். வலது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அந்த அம்மா என்னை விட்டுக் கேட்கச் சொன்னார்: காட்டில் இவர் எதை ஆசையாகச் சாப்பிடுவார்?

அவர் மலாயில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். எல்லைக் காட்டில் கண்ணிவெடியில் வந்தவருடைய கால் போனது. மழையில் ஹெலிகாப்டர் இறங்க முடியவில்லை. நான்கு நாள் இந்த வீட்டுக்காரர்தான் அவரை முதுகில் சுமந்தார். இருந்த அரிசியைப் பொங்கி ஊட்டுவார். 'நான் அப்பவே சாப்பிட்டாச்சு' என்பார். மூன்றாம் நாள், மரத்துக்குப் பின்னால் இவர் பச்சை இலையை மென்று துப்புவதை அவர் பார்த்துவிட்டார். நான்காம் நாளும் இவர் அதையேதான் சொன்னாராம்.

"என்ன பிடிக்கும்னு எனக்கும் தெரியாது அக்கா," என்று முடித்தார்.

பட்டினி எனக்குப் புதிதில்லை. ஆனால் கையில் சோறு இருக்கும்போது நான் பட்டினி கிடந்ததில்லை.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சோறு வடித்தார். புதுச் சட்டி எடுத்து முட்டை பொரித்தார். சாமிக்குப் படைத்த சோற்றை முஸ்லிமான அந்த மனிதர் தொடமாட்டார் என்று அவருக்குத் தெரியும். முதல் தட்டை அந்த விருந்தாளி முன்னால் வைத்தார்.

நாத்தனார் பதறினார். "அண்ணி! படையலுக்கு முன்னால யாரும் கை நனைக்கக் கூடாது!"

"இவரு சாப்பிடாம அவரு சாப்பிட மாட்டாரு."

வந்தவர் குனிந்தபடி மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார். அதன் பிறகுதான் அந்த அம்மா அதே பானையிலிருந்து சோற்றை அள்ளி, படத்தின் முன்னால் இருந்த வாழையிலையில் வைத்தார்.