உம்மாவின் வளவில் மூன்று லொறிகள்

வீட்டைச் சுற்றிய எங்கள் வளவில் ஒரு கிணறு, இரண்டு மாமரம், மூன்று லொறி. கிணற்றையும் மரங்களையும் பற்றி ஊரில் எவரும் கேட்டதில்லை. லொறிகளைப் பற்றிக் கேட்காதவர் எவருமில்லை.

நிந்தவூரில் கணிதம் படிப்பித்த என் வாப்பாவுக்குப் பழைய பார லொறிகள் என்றால் பைத்தியம். மற்ற வாப்பாமார் பின்னேரத்தில் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவார்கள். என் வாப்பா ஒரு சாக்கை விரித்து லொறிக்குக் கீழே மல்லாந்து கிடப்பார். மூன்றில் ஒன்றுக்கு முகம் மட்டும்தான் இருந்தது. இன்னொன்றுக்கு எஞ்சினும் நான்கு சில்லும். முழுசாக நின்றது மூன்றாவதுதான். ஆறு சில்லு, நீண்ட மூக்கு, நூறு மூட்டை நெல்லை ஏற்றினாலும் அலட்டிக்கொள்ளாத பெட்டி.

அது எங்கிருந்து வந்தது, யார் ஓட்டியது என்று கண்டுபிடிக்க வாப்பா பட்ட பாடு கொஞ்சமல்ல. அடிச்சட்டத்தில் பொறித்திருந்த இலக்கத்தின் மேல் கடதாசியை வைத்து, என் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார். அதை வெளிநாடுகளில் இதே பைத்தியம் பிடித்திருந்த ஆட்களுக்கு அனுப்பினார். பொத்துவில் வரைக்கும் பழைய டிரைவர்மாரைத் தேடிப் போனார். கடைசியில் அக்கரைப்பற்றில் ஒருவர், இது இங்கினியாகலைக் குளம் கட்டிய காலத்தில் மண் சுமந்த லொறி என்று அடித்துச் சொல்லிவிட்டார். எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் வருவது அந்தக் குளத்திலிருந்துதான். அன்றிலிருந்து வாப்பா அந்த லொறியைத் தொடும்போது ஒரு மரியாதையோடுதான் தொட்டார்.

எங்கள் ஊர்களில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்கு. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். வாப்பாவும் அப்படிச் சாய்ந்தமருதிலிருந்து உம்மாவின் வளவுக்கு வந்தவர்தான். லொறிகள் அவருக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எனக்குப் பத்து வயதானபோது உம்மா வளவுக்காரியாகப் பேசத் தொடங்கினார்.

“இவளுக்கு வீடு கட்டத் தொடங்கணும். அத்திவாரம் வெட்டுற இடத்துல உங்கட லொறி நிக்கிது.”

“எடுக்கிறன், எடுக்கிறன்.”

“எப்ப? காக்கா வேலையாக்களுக்கு நாள் சொல்லிட்டார். அதுக்குள்ள அது தன்ட கால்ல நடந்து போனாப் போகட்டும். இல்லாட்டி இரும்புக்காரன் வந்து வெட்டி ஏத்திட்டுப் போவான்.”

உம்மாவின் காக்கா, அதாவது என் மாமா, வீடு கட்டும் வேலைகளைப் பொறுப்பெடுத்துச் செய்பவர். அவருக்கும் லொறிக்கும் ஆகாது. வரும்போதெல்லாம், “மச்சான், இதுக்குள்ள கோழி முட்டையிடுறது தெரியிது, எஞ்சின் எங்க இரிக்கி?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். நான் முழுக்க முழுக்க லொறியின் கட்சி. எனக்கு வீடு வேண்டாம், லொறிதான் வேண்டும் என்று அறிவித்து உண்ணாவிரதமும் இருந்தேன். அது உம்மா மீன் பொரிக்கும் வரைக்கும் நடந்தது.

வாப்பாவுக்கு மிச்சமிருந்தது மூன்று வெள்ளிக்கிழமை. ஆலையடிவேம்பிலிருந்து ஒரு மெக்கானிக் சைக்கிளில் வந்து சேர்ந்தார். இருவரும் எஞ்சினைக் கழற்றிக் கழுவினார்கள், பூட்டினார்கள், மறுபடியும் கழற்றினார்கள். முதல் வெள்ளி ஜும்ஆ முடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதென்று முடிவானது. பாத்திஹா ஓதாமல் எங்கள் வீட்டில் எதுவும் தொடங்குவதில்லை. உம்மா, வேண்டா வெறுப்பாக முணுமுணுத்துக்கொண்டே, ஒரு பெரிய சட்டி பாற்சோறு காய்ச்சினார்.

ஓதி முடிந்ததும் பன்னீர்ச் செம்பால் எல்லோர் மேலும் தெளிப்பது என் வேலை. அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் முக்கியமானவர் லொறிதான் என்று எனக்குப் பட்டது. எல்லோரும் பாற்சோற்றுக்குக் கை கழுவப் போன நேரம், திறந்து கிடந்த போனட்டுக்குள் செம்பைக் கவிழ்த்து எஞ்சினைக் குளிப்பாட்டினேன். லொறி இருமியது, தும்மியது, பிறகு பேச்சில்லை. அடுத்த வெள்ளியும் அதே கதை. ஓதிய பன்னீரின் பரக்கத் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அன்றைக்கு இரண்டு செம்பு ஊற்றியிருந்தேன். ஊரில் இதற்கு லொறிக் கந்தூரி என்று பெயர் விழுந்துவிட்டது. பாற்சோற்றுக்கு வந்த கூட்டமும் கூடியிருந்தது.

மூன்றாவது வெள்ளிதான் கடைசி. மறுநாள் அத்திவாரம் வெட்ட வேண்டும். மாமாவின் ஆட்கள் அலவாங்கும் மண்வெட்டியும் கொண்டுவந்து மதிலோரம் சாத்தியிருந்தார்கள். இரும்புக்காரனும் வந்து, லொறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். வாப்பா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. பாத்திஹா தொடங்குமுன் மெக்கானிக் எஞ்சினிலிருந்து ஒரு கறுப்பு மூடியைக் கழற்றி மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

“சேர், இதுக்குள்ள கலியாண வீட்டு வாசம் அடிக்குது.”

வாப்பாவும் வாங்கி முகர்ந்தார்.

“பிளக்குக்குக் கரண்ட் பிரிஞ்சு போற இடம் சேர் இது. ஈரம் பட்டா ஒரு பொறியும் வராது.”

வாப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் செம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். இரண்டு வெள்ளியைத் தின்றவள் நான்தான் என்பது அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. வாப்பா மூடியைத் தன் சாரனின் தலைப்பால் துடைத்து மெக்கானிக்கிடம் கொடுத்தார்.

“மகள், இண்டைக்கு லொறிக்கு வேணாம். அந்தப் பங்கையும் மாமாக்குத் தெளி,” என்றார்.

தெளித்தேன். மாமா தலைமுழுகியவர் மாதிரி நின்றார். வாப்பா பிஸ்மி சொல்லி ஏறினார். லொறி ஒரு தரம் இருமியது. இன்னொரு தரம் இருமியது. பிறகு அது போட்ட சத்தத்தில் மாமரத்துக் காகமெல்லாம் எழும்பிப் பறந்தது, கறுத்த புகைக்குள் கூட்டமே மறைந்துபோனது. புகைக்குள்ளிருந்து யாரோ தக்பீர் சொன்னார்கள். நான் கத்திய கத்தலில் இரண்டு நாளைக்குத் தொண்டை கட்டியிருந்தது.

லொறி நகர்ந்தது. கேற்றுவரைக்கும் வந்து நின்றது. கேற்று ஒரு முழம் சின்னது. லொறி வந்த காலத்தில் அந்த இடத்தில் தகரவேலி இருந்தது. மதில் பிறகு வந்தது. உலகத்துக் கணக்கெல்லாம் தெரிந்த வாப்பா கேற்றை அளக்க மறந்திருந்தார்.

“எஞ்சின நிப்பாட்டிராதீங்க சேர்! மறுகா எழும்புமோ தெரியாது!” என்று மெக்கானிக் கத்தினார்.

“நிப்பாட்டுங்க மச்சான், இது நான் கட்டின மதில்!” என்று மாமா குறுக்கே நின்றார்.

அப்போதுதான் உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினார். அத்தனை ஆண்களுக்கு முன்னால் உம்மா குரலை உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“மதில் நீங்க கட்டினதுதான் காக்கா. வளவு என்ட. இடிங்க!”

மாமா தானே ஓர் அலவாங்கை எடுத்தார். கால் மணித்தியாலத்தில் மதில் சரிந்தது. இரும்புக்காரன்கூட ஒரு கை கொடுத்தான். கற்களின் மேல் ஏறி இறங்கி லொறி வீதிக்கு வந்தபோது, கல்முனை பஸ் ஒன்று நின்று, ஓயாமல் ஹோன் அடித்தது. நான் வாப்பாவுக்கும் மெக்கானிக்குக்கும் நடுவில் ராசாத்தி மாதிரி இருந்தேன். ஆலையடிவேம்பில் மெக்கானிக்கின் வளவு வரைக்கும் வீதியின் இரண்டு பக்கமும் ஆட்கள் கை காட்டினார்கள். வாப்பா ஒருவருக்கும் திருப்பிக் காட்டவில்லை. கையை எடுத்தால் லொறி மனம் மாறிவிடும் என்று பயந்தாரோ என்னவோ, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த கிழமை அதே லொறி என் வீட்டு அத்திவாரத்துக்கு முதல் லோட் கருங்கல்லைச் சுமந்து வந்தது. மற்ற இரண்டையும் அதற்குள் இரும்புக்காரன் ஏற்றிப் போயிருந்தான். மாமா முன்னால் நடந்துவந்து, “மெதுவா, மெதுவா,” என்று அதற்கு வழிகாட்டினார். வாப்பா இறங்கி, எண்ணெய் ஊறிக் கறுத்துக் கிடந்த அந்த மண்ணின் நடுவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். பிறகு ஒதுங்கி, கல்லை அங்கே கொட்டச் சொன்னார்.

“இனி லொறி எங்க வாப்பா நிக்கும்?”

“ஆலையடிவேம்புலதான். நாம போய்ப் பாத்துட்டு வருவம் மகள்.”

நான் கற்குவியலின் மேல் ஏறி நின்று கை தட்டினேன். வாப்பா வென்றுவிட்டார், அவருடைய லொறி ஓடிவிட்டது என்பதுதான் எனக்குத் தெரிந்தது. உம்மாவின் வளவில் அவருக்கென்று இருந்தது லொறி நின்ற அந்தத் துண்டு நிலம் மட்டும்தான் என்பதும், நான் ஒருநாளும் அந்த வளவை விட்டுப் போக வேண்டி வராமலிருக்க அதையும் எனக்கே தந்துவிட்டார் என்பதும் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.