மல்லாட்டைக் கொல்லையில் கேட்ட சிரிப்பு

டிப்ளமோ முடித்ததும் திண்டிவனத்துக்கு வெளியே ஒரு பம்ப்செட் பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. கிராமத்திலிருந்து தினமும் சைக்கிளில் போனேன். ஆடி மாதம் வந்தபோது, சைக்கிளை விட்டுவிட என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன: எதிர்காற்று, அடிக்கடி கழலும் செயின், வழியில் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்குக் களை வெட்டும் பெண்களின் சிரிப்பு. என்னைக் கண்டாலே கூச்சலிட்டுச் சிரிப்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் விழுப்புரம் பஸ்ஸில் போனேன்.

ஒருநாள் பஸ் வராததால் மறுபடியும் சைக்கிளை எடுத்தேன். அந்தக் கொல்லை ஓரத்திலேயே செயின் கழன்றது. அத்தனை பேரும் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள்.

“எங்க பூட்ட பொண்ணே, இத்தினி நாளா? உன்னால ஒரே பேஜாரு!” என்றாள் ஒருத்தி.

“நான் என்னாக்கா பண்ணேன்?”

“நீ தாண்டினா நாங்க கஞ்சி குடிக்கப் போலாம்னு கொல்லைக்காரரோட பேச்சு. நீ வரலன்னதும் அவரு நேரத்த இழுத்துக்கினே போறாரு. உன் தலை தெரிஞ்சா, கத்தாம என்னா பண்ணுவோம்?”

இன்னொருத்தி தன் தூக்கிலிருந்து கேப்பைக் கூழை ஊற்றி நீட்டினாள். “குடிச்சிட்டு செயினை மாட்டு. இனிமே பஸ் ஏறின, பாத்துக்க!”

என் வரவுக்கு அத்தனை பேர் மகிழ்ந்ததை நான் கேலி என்று நினைத்திருந்தேன்.

காற்றும் செயினும் அப்படியேதான் இருந்தன. களை வெட்டு முடியும்வரை நான் பஸ் ஏறவே இல்லை. பட்டறை விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையும் அந்தக் கொல்லை வரை மிதித்துப் போய், மணியடித்துவிட்டு வீடு திரும்பினேன்.