உன் சடையை யார் பின்னிவிடுறா?

1. டம்ளர் விழுந்த நாள்

கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில் ரோட்டோரக் கடைகளுக்கு மேல் மாடியில் எங்கள் டேட்டா என்ட்ரி ஆபீஸ் இருந்தது. மானிட்டரெல்லாம் குண்டு குண்டாக இருந்த காலம். இன்சூரன்ஸ் விண்ணப்பங்கள் மதுரையிலிருந்து பஸ்ஸில் மூட்டையாக வரும். அவற்றை நூறு நூறாகக் கட்டி, பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அதற்கு 'கீ பண்றது' என்று பேர். நாற்பத்திரண்டு பெண்கள் கீ பண்ணினார்கள். அவர்களை மேய்க்கிற சூப்பர்வைசர் நான். பேர் சாகுல், ஆனால் அங்கே எல்லாருக்கும் நான் வெறும் 'பாய்'தான். அதற்கு முன்னால் வத்தலகுண்டில் பதினோரு வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக் கொடுத்தவன். ஆகவே கையைப் பற்றியும் விரலைப் பற்றியும் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ஒரு நினைப்பு.

ஒரு நாள் காலை டீ நேரத்தில் பாக்கியம் கையிலிருந்து டம்ளர் விழுந்தது. அந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

"ஏம்மா, கையில என்ன வெண்ணெயா தடவிட்டு வர்ற?" என்று கத்தினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"தேத்தண்ணி சூடு பாய்," என்று சிரித்துக்கொண்டே குனிந்து துடைத்தாள். பாக்கியத்துக்கு அப்போது முப்பது வயது இருக்கும். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் அப்பா அம்மாவோடு கப்பலில் வந்தவள். ஆபீஸிலேயே வேகமான கை அவளுடையது. துடைத்தது இடது கை. வலது கை மடியில் சும்மா கிடந்தது.

அப்போதுதான் அவள் மேஜையைக் கவனித்தேன். கீபோர்டு நடுவில் இல்லை. இடது பக்கமாக நகர்ந்து, வலது ஓரத்தில் இருக்க வேண்டிய நம்பர் கட்டம் அவளுடைய இடது கைக்கு நேராக வந்திருந்தது.

"இது என்ன கோலம்?"

"சும்மா பாய். பழக்கம்."

"எங்கே, ஒரு ஃபாரம் கீ பண்ணு பாப்போம்."

பண்ணினாள். யா அல்லாஹ்! இடது கை நம்பர் கட்டத்தில் அப்படிப் பறந்தது. எழுத்துகளையும் அந்தக் கையேதான் தாவித் தாவி அடித்தது. வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் அவ்வப்போது வந்து உதவி செய்தன. பதினோரு வருஷத்தில் என்னிடம் எத்தனையோ பேர் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணிப் போனார்கள். இந்த மாதிரி ஒன்றை நான் கண்டதில்லை. நாலு மாதமாக இப்படித்தான் என்றாள். வேகம் குறையவில்லை, பிழை கூடவில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

"எப்படிம்மா பழகுன?"

"கொழுந்து பறிக்கிற கை பாய். ரெண்டு கையும் ஒண்ணாத்தான் ஓடணும். அம்மாகிட்டருந்து வந்தது."

பேனாவை வலது கையில் கொடுத்தேன். பிடிக்க முடியாமல் நழுவியது. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "முதலாளி சாருக்குச் சொல்லிராதீங்க பாய். ஏலாதுன்னு தெரிஞ்சா என்னைய நிப்பாட்டிருவாரு. வீட்ல என் சம்பளம் மட்டுந்தான்."

2. நாற்பத்திரண்டு 'இல்லை'

இத்தனைக்கும் அந்த ஆபீஸில் எர்கனாமிக்ஸ் திட்டம் என்று ஒன்று ஏற்கனவே ஜாம் ஜாமென்று நடந்துகொண்டிருந்தது. நடத்தியவன் நான்தான்.

எங்களுக்கு வேலை கொடுத்த கம்பெனி, கம்ப்யூட்டர் வேலையாட்களின் உடம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு திட்டம் வேண்டும் என்று கேட்டிருந்தது. முதலாளி சார் சென்னையிலிருந்து சக்கரம் வைத்த நாற்காலிகளை இறக்கினார். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரனின் படத்தைச் சுவரில் ஒட்டினோம். கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு என்று வரிசையாகப் போட்டு, வலி 'உண்டு', 'இல்லை' என்று ஒரு ஃபாரம் அடித்து எல்லாருக்கும் கொடுத்தேன்.

நாற்பத்திரண்டும் 'இல்லை' என்று திரும்பி வந்தது.

"பாத்தீங்களா பாய், மலைத் தண்ணி குடிச்ச ஒடம்பு!" என்று சார் என் முதுகில் தட்டினார். நானும் ஏதோ நானே வைத்தியம் பார்த்துக் குணப்படுத்தின மாதிரி பல்லைக் காட்டினேன்.

டம்ளர் விழுந்த அன்று அந்த ஃபைலைத் திரும்ப எடுத்தேன். பாக்கியத்தின் ஃபாரத்திலும் எல்லாம் 'இல்லை'.

"ஏம்மா பொய் எழுதுன?"

"எங்கம்மாவுக்குத் தோட்டத்துல கை வீங்கிப்போச்சு பாய். கங்காணிகிட்டப் போயி சொல்லுச்சு. அன்னைக்கு அரைப்பேர் போட்டான். அரைநாள் சம்பளம். மறுநாளும் அரைப்பேர். பெறகு பேரே இல்லை. ஆருகிட்டயும் ஏலாதுன்னு மட்டும் சொல்லாதேன்னு சொல்லித்தான் அது எங்களை வளத்துச்சு."

சிலோனிலிருந்து வந்தவர்கள் மட்டும்தான் அப்படி என்று நினைக்காதீர்கள். பூண்டிப் பக்கம் கேரட் காட்டிலும் பூண்டுக் காட்டிலும் அன்றாடக் கூலிக்குப் போன வீட்டுப் பிள்ளைகளும் அங்கே நிறைய. இடுப்பு வலிக்குது என்றால் நாளைக்கு வரவேண்டாம் என்று கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களிடம் போய் நான் பேரையும் எழுதச் சொல்லி, வலி உண்டா என்று கேட்டிருக்கிறேன். எவள் எழுதுவாள்?

3. ஒன்பது கயிறும் ஒரு நரம்பும்

மறுநாள் பாக்கியத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அவள் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், பிறகு சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டார்.

"மணிக்கட்டுக்குள்ள ஒரு சின்ன குகை இருக்குங்க பாய். அதுக்குள்ள விரல மடக்குற தசைநார் ஒம்பது போகுது, ஒம்பது கயிறுன்னு வச்சுக்கங்க. கூடவே ஒரு நரம்பு. கயிறு வீங்குனா நரம்பு நசுங்கும். பெருவிரல்லருந்து மூணு விரல் மரத்துப் போகும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தீங்கன்னா பெருவிரல் சதையே வத்தியிருக்கும்."

மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கொடுத்து, ஆறு வாரம் வலது கை கீபோர்டைத் தொடக்கூடாது என்றார். சரியாகாவிட்டால் மதுரைக்குப் போய் ஆபரேஷன்.

திரும்பி வருகையில் டவுன் பஸ்ஸில் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். கடிகாரப் பட்டை அகலம்கூட இல்லாத இடம். அதற்குள் ஒன்பது கயிறு! எத்தனை ஆயிரம் பேரின் விரலைப் பிடித்து ஏ எஸ் டி எஃப் என்று வைத்திருப்பேன்! உள்ளே இப்படி ஒரு வேலைப்பாடு ஓடுகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. படைத்தவனை நினைத்து மலைத்துப்போய், இறங்க வேண்டிய ஸ்டாப்பையும் தாண்டிப் போய்விட்டேன்.

முதலாளி சாரிடம் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கை போன ஆளை வச்சு என்ன பாய் பண்றது?" என்றார். "நல்ல விதமாப் பேசி வெரசா அனுப்பிருங்க. இல்லேன்னா நாளைக்கு ஒவ்வொருத்தியா வலி வலின்னு வந்து நிப்பா."

"வந்து நிக்கணும்னுதானே சார் திட்டம் போட்டிருக்கோம்?" என்றேன். சொன்னேனே, வாய் நீளம்.

சார் காலண்டரைப் பார்த்தார். "சரி. ஆறு வாரம். அதுக்குள்ள இந்த ஆபீஸ் வேகம் ஏறணும், பிழை எறங்கணும். இல்லேன்னா அந்தப் பொண்ணும் வேணாம், நீங்களும் வேணாம்."

4. நானே வைத்த வினை

முதல் காரியமாக ஒரு நாள் முழுக்க பாக்கியத்தின் நாற்காலியில் உட்கார்ந்து கீ பண்ணினேன். பதினோரு மணிக்கெல்லாம் எனக்கு உட்கார முடியவில்லை.

சென்னை நாற்காலி சுவரில் இருந்த வெள்ளைக்காரனுக்குச் செய்தது. மேஜை உயரத்துக்கு ஏற்றி வைத்தால், எங்கள் பெண்களுக்குக் கால் தரையில் எட்டாமல் தொங்கும். கால் ஊன்ற நுனிக்கு வந்துவிடுவார்கள், முதுகு சாயாது. மேஜையோ இரும்பு. கொடைக்கானல் குளிரில் அதன் விளிம்பு கத்தி மாதிரி ஜில்லென்று மணிக்கட்டில் அழுத்தியது. டாக்டரம்மா சொன்ன அந்தக் குகை இருக்கும் அதே இடத்தில்!

இதையெல்லாம் விடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. அது சாட்சாத் என் மூளையில் உதித்தது. நேரம் மிச்சமாகட்டும் என்று ஃபாரம் கட்டுகளை நானே அவரவர் மேஜைக்குக் கொண்டுபோய் வைப்பேன். தண்ணீர் பாட்டிலும் மேஜையிலேயே. எழுந்திருக்கிற சோலியே இல்லாமல் பண்ணிவிட்டு, உதவி செய்கிறேன் என்று பெருமை வேறு.

"அம்மா ஒரு நாளைக்கு மூணு தடவை கொழுந்து நிறுக்க நடந்து போகும் பாய்," என்றாள் பாக்கியம். "அந்த நடையிலதான் ஒடம்பு நிமிரும்னு சொல்லும். இங்கே அதுவும் கெடையாது."

அன்றைக்கே கட்டு வைக்கிற அலமாரியையும் தண்ணீர்க் குடத்தையும் கடைசி ஜன்னலுக்குத் தள்ளினேன். ஒரு கட்டு முடிந்தால் எழுந்து நடந்து போய்த்தான் அடுத்ததை எடுக்க வேண்டும். பேரிக்காய்ப் பெட்டி அடிக்கிற ஆசாரியைப் பிடித்து, காலுக்குப் பலகையும் ஃபாரத்தைச் சாய்த்து வைக்கத் தாங்கியும் செய்து வாங்கினேன். பழைய கம்பளியைக் கிழித்து மேஜை விளிம்பெல்லாம் சுற்றினோம். தையல்காரரிடம் இரவல் வாங்கிய டேப்போடு பாக்கியம் ஒவ்வொரு இருக்கையாக அளந்தாள். அதுதான் அவளுக்கு அப்போதைக்கு வேலை. ஹாஜர் புத்தகத்தில் அவளுக்கு முழு நாள் போட்டேன்.

ஆனாலும் ஒருத்தி வாயைத் திறக்க வேண்டுமே! வலி இருக்கா என்றால், "இல்லீங்க பாய், நல்லாருக்கோம்." எல்லார் கண்ணும் பாக்கியத்தின் காலி நாற்காலி மேலேயே இருந்தது. அவளை என்றைக்கு அனுப்பப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

5. அவள் கேட்ட கேள்வி

இரண்டு வாரம் போனது. அவளை அனுப்பவில்லை. அப்போது பாக்கியம் சொன்னாள்: "வலியைக் கேட்டா சொல்லமாட்டாளுங்க பாய். நான் வேற ஒண்ணு கேக்குறேன்."

"என்ன கேப்ப?"

"அது பொம்பளைங்க விஷயம். நீங்க கேட்டா செருப்பு வரும்."

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க ஒவ்வொருத்தியோடும் பேசினாள். சாயங்காலம் என்னிடம் ஒரு தாள் வந்தது. இடது கையால் எழுதியது. அவளையும் சேர்த்துப் பதினேழு பேர். ஒவ்வொரு பேருக்கு எதிரிலும் மகள், தங்கச்சி, மாமியா, பக்கத்து வீட்டு அக்கா என்று எழுதியிருந்தது.

"என்னம்மா இது?"

"உன் சடையை யாரு பின்னிவிடுறான்னு கேட்டேன். நாலு மாசமா எனக்கு எம்மகதான் பின்னுறா, மூணாவது படிக்கிறவ. கையைத் தூக்கிப் பின்னாடி கொண்டுபோயி மூணு கால் பின்ன ஏலாது பாய். விரல் மரத்துப் போகும். எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன்."

நான் அந்தத் தாளை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. நாற்பத்திரண்டு ஃபாரம் அடித்துப் பிடிக்க முடியாததை ஒரே கேள்வியில் பிடித்துவிட்டாள். பதினேழாவது பேருக்கு எதிரில் மட்டும் 'பழனி' என்று இருந்தது.

"இது யாரு?"

"நம்ம மரகதம். வேண்டுதல்னு சொல்லி மொட்டை போட்டுட்டு வந்தாள்ல, வேண்டுதல் ஒண்ணுமில்லை. பின்னிவிட வீட்ல ஆளில்லை."

அந்த மொட்டைக்குக் கொண்டுவந்த பஞ்சாமிர்தத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கி நக்கியவன் நான். "சாமி கொடுக்கும் தாயி" என்று வாழ்த்து வேறு சொன்னேன்.

பாக்கியம் போக மற்றப் பதினாறு பேரும் முறை வைத்து டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். மேஜை, நாற்காலி எல்லாம் அவரவர் உடம்புக்குத் திருத்தினோம். ஒருத்தியையும் அனுப்பவில்லை. அடுத்த வாரம், கேட்காமலேயே இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

ஆறாவது வாரம் சார் வந்தார்.

"எத்தனை பேருக்குப் பாய் வலி?"

"பத்தொம்பது சார்."

"திட்டம் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணுமில்லை. இப்பப் பத்தொம்போதா? வெளங்கிரும்!"

"முன்னாடி சொல்லலை சார். இப்பச் சொல்லுறாங்க. பதிவேட்டைப் பாருங்க."

வேகம் ஏறியிருந்தது. பிழை பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. சார் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னல் அலமாரிக்கு நடந்து போய் வருகிற பெண்களைப் பார்த்தார். கடைசியில், "எனக்கும் கழுத்துல ஒரு பிடிப்பு இருக்கு பாய். அந்தப் பொண்ண என் சீட்டையும் அளக்கச் சொல்லுங்க" என்றார்.

இன்றைக்கு ஆபீஸ் நடத்துகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லுவது இவ்வளவுதான். நாற்காலியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வலிக்குது என்று முதலில் சொன்னவளை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மற்ற நாற்பத்தோரு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் திட்டம் அதில்தான் நிற்கும், அதில்தான் விழும்.

6. திங்கட்கிழமை

ஏழாவது வாரம் திங்கட்கிழமை. என்றைக்கும் வெள்ளனே வந்துவிடுகிற பாக்கியம் அன்று பத்து நிமிஷம் லேட். அன்றிலிருந்து வலது கையாலும் கீ பண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. மறுபடியும் மரத்துவிட்டதோ? வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். என்னைத் தாண்டி அவள் இடத்துக்குப் போகும்போது பின்பக்கம் பார்த்தேன். சடை இடது பக்கமாகக் கோணிக்கொண்டு போனது. பாதியில் ஒரு கற்றை வெளியே துருத்திக்கொண்டிருந்தது. ரிப்பன் அவிழ்கிற மாதிரி இருந்தது.

மரகதம்தான் முதலில் கேட்டாள். அவள் தலையில் அப்போது ஒரு விரல் அளவுக்கு முடி வளர்ந்திருந்தது.

"ஏன்க்கா, பிள்ளை இன்னைக்குத் தூக்கத்துல பின்னுச்சா?"

பாக்கியம் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கீபோர்டை இழுத்து நேராக நடுவில் வைத்தாள். கீ பண்ணுகிற சத்தம் ஒவ்வொரு மேஜையாக நின்றுபோனது.

"இல்லடி," என்றாள். "நான் பின்னுனது."